கடல் வழியாக க்னிடோஸ்: ஒரு பகலில் பார்த்துத் திரும்ப

துருக்கியின் தாட்சா தீபகற்பம் மேற்கே போய் முடிகிற முனையில் இருக்கிறது க்னிடோஸ் என்கிற பழைய கிரேக்க நகரம். தாட்சா ஊரிலிருந்து சாலை உண்டு, சுமார் 35 கிலோமீட்டர். ஆனாலும் யார் கேட்டாலும் பாய்மரப் படகில் போங்கள் என்றுதான் சொல்வேன். கடலில் வருகிறவர்களை எதிர்பார்த்துக் கட்டிய நகரம் அது. அதன் பழைய துறைமுகத்திலேயே இன்றும் நங்கூரம் போடலாம்.

கோடையில் உங்கள் நேரத்தை முடிவு செய்வது மெல்டெம் என்கிற வடமேற்குக் காற்று. மதியத்துக்கு மேல் முனைப் பக்கம் பலமாக அடிக்கும். தாட்சாவிலிருந்து போகிறவர்களுக்கு எதிர்க்காற்று. அதனால் முந்தின இரவு வழியில் பலமுட்பூக்கு என்கிற துறைமுகத்தில் தங்கி, விடியும்போதே இன்ஜின் போட்டுக் கிளம்பிவிடுங்கள். எதிரே தெரியும் கோஸ் தீவிலிருந்து வருகிறீர்களா? அது கிரீஸ். நேராக க்னிடோஸில் இறங்கக் கூடாது. முதலில் போட்ரும் அல்லது தாட்சாவில் துருக்கி நுழைவுப் பதிவை முடிக்க வேண்டும்.

க்னிடோஸின் பெரிய துறைமுகத்தின் வாயில் பழங்காலக் கல் அணைகள் உண்டு, ஒரு பகுதி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். நடுவிலேயே போங்கள். அடியில் கரும்பச்சையாகத் தெரிவது கடற்புல், அதில் நங்கூரம் பிடிக்காது. வெளிறிய மணல் திட்டாகப் பார்த்துப் போடுங்கள். 8 மீட்டர் ஆழமென்றால் 40 மீட்டர் சங்கிலி விடுங்கள். பிறகு இன்ஜினைப் பின்னோக்கி இழுத்து, நகரவில்லை என்று உறுதி செய்யுங்கள். காற்று ஏறினால் நானும் என் கணவரும் மாறி மாறித்தான் கரைக்குப் போவோம். படகில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

டிங்கியில், அதாவது படகோடு வரும் சிறு படகில், கரை இறங்கியதும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கரையோர அரங்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மேல்தளத்து வட்டக் கோயிலுக்கு ஏறுங்கள். நிழலே கிடையாது, தண்ணீர் கையில் வேண்டும். கிரேக்கச் சிற்பி பிராக்ஸிடெலிஸ் செதுக்கிய, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் சிலை இங்கேதான் நின்றது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அந்தச் சிலையைப் பார்ப்பதற்கென்றே பலர் க்னிடோஸுக்குக் கப்பலேறி வந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சிலை இன்று இல்லை. ஆனால் அவர்கள் வந்த வழியிலேயே நாமும் வந்திருக்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

அங்கிருந்து தெற்கே பாருங்கள். குறுகிய நிலத்தின் இடப்பக்கம் உங்கள் படகு நிற்கும் வணிகத் துறைமுகம், வலப்பக்கம் சிறிய போர்த் துறைமுகம். 20 கப்பல்கள் நிற்கும் அளவு என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்தது இதைத்தான். நகரத்தின் அமைப்பு முழுவதும் அந்த ஒரே இடத்தில் புரிந்துவிடும். நேரம் குறைவென்றால் மற்ற எதையும் விடலாம், இதை விடாதீர்கள்.

மதியம் ஒரு மணிக்குள் படகுக்குத் திரும்பிவிடுங்கள். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து வரும், முன்பாயை மட்டும் விரித்தால் போதும். மலையிலிருந்து திடீர் திடீரென்று இறங்கும் காற்றுக்கு மட்டும் பாய்க்கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள்.