தோள்பட்டை இறுக்கம் இறங்கின கதை (என் அனுபவம்)

ரெண்டு வருஷமா வலது தோள்பட்டை கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ரெய்கி கத்துக்கிட்டேன், கையை வச்சு குணப்படுத்தற ஒரு முறை, 1922ல ஜப்பான்ல உசுய்ங்கறவர் ஆரம்பிச்சது. கையை வச்சு சக்தி பாயுதுன்னு நினைக்கணுமாம், நானும் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன், பொறுமைதான் போச்சு.

ஒருநாள் சக்தியை விட்டுட்டு கை படுற இடத்துல என்ன தெரியுதுன்னு மட்டும் கவனிச்சேன். சூடு, லேசா துடிப்பு, ஓரத்துல ஒரு இழுப்பு... எதையும் மாத்தப் பாக்கல, மனசு ஓடுனா திரும்ப அங்கயே கூட்டிட்டு வந்தேன், அவ்ளோதான். பத்து நிமிஷத்துல தோள் தானா கீழ இறங்குச்சு, அப்பதான் உறைச்சுது, நாள் பூரா அதை காதுவரைக்கும் தூக்கி வச்சிருந்திருக்கேன்!

1998ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணுல ரெய்கி மாதிரியே கையால குணப்படுத்தறதா சொல்ற 'தெரப்யூட்டிக் டச்' முறையோட 21 ஹீலர்கள திரைக்குப் பின்னாடி கையை நீட்டச் சொல்லி, அவங்களோட எந்தக் கைக்கிட்ட ஆய்வு பண்றவங்க கை இருக்குன்னு கேட்டாங்க. 44 சதவீதம்தான் சரி, பூவா தலையா போட்டிருக்கலாம். அதனால கையிலேர்ந்து ஏதோ பாயுதுங்கறத நான் நம்பல.

இப்பவும் தூங்கறதுக்கு முன்னாடி பண்றேன். வலி எப்பவாவது எட்டிப்பாக்கும். கை மரத்துப்போச்சுன்னா மட்டும் இதை நம்பி உக்காராம டாக்டர்கிட்ட போயிடுங்க.