சித்திரை சீசன்ல பூக்கன்னு வாங்க நர்சரிக்கு போறீங்களா, இத பாத்துட்டு போங்க

ஏப்ரல் பொறந்தாலே நுவரெலியாவுல வசந்த கால சீசன் தொடங்கிரும், கொழும்புல இருந்து வர்ற வேன்காரங்களும் நம்ம தோட்டத்து ஆளுங்களும் ஒண்ணா நர்சரி வாசல்ல நிப்பாங்க. வருஷப் பொறப்புக்கு புது சட்டை எடுக்குறத விட எனக்கு பூக்கன்னு வாங்குறதுதான் பெரிய சந்தோஷம். ஆனா சும்மா கலர பாத்து மயங்கி வாங்குனா ரெண்டு வாரத்துல வெறும் குச்சிதான் மிஞ்சும்.

முதல்ல, காலையிலயே போங்க. ஏப்ரல்ல பின்னேரம் ஆனா இடியோட மழை வந்துரும், அதோட காலையில நர்சரி அக்காமாருக்கு நின்னு பேச நேரம் இருக்கும். போன உடனே எதையும் கையில தூக்காதீங்க, ஒரு சுத்து சும்மா சுத்துங்க, பெடூனியா, பிகோனியா, டேலியா, ஜெரேனியம்னு வரிசையா ஈரத்தோட நிக்கிறத பாக்குறதே தனி சுகம், அத அவசரப்பட்டு கெடுத்துக்க வேணாம்.

ரெண்டாவது சுத்துலதான் வாங்கணும், அப்ப பூவ பாக்காம மொட்ட பாருங்க. முழுசா விரிஞ்ச கன்னு நர்சரியிலயே பாதி பூத்து முடிச்சிருக்கும். குனிஞ்சு டேலியா மொட்ட கிட்ட பாத்தீங்கன்னா பச்சை தோலு லேசா பிரிஞ்சு நூலளவுக்கு செவப்பு எட்டிப் பாக்கும், அந்த மாதிரி ஒண்ணு ரெண்டும் இன்னும் இறுக்கமா மூடுன மொட்டு நெறையவும் இருக்குற கன்ன எடுங்க, வீட்டுல வந்து ஒண்ணொண்ணா விரியும். ஒரு பூவாவது விரிஞ்சிருந்தா கலரும் தெரிஞ்சிரும்.

அடுத்து பொலித்தீன் பைய தூக்கி அடியில பாருங்க. ஓட்டை வழியா வேர் கத்தையா வெளிய வந்திருந்தா அது ரொம்ப நாளா அதே பையில கெடக்குற கன்னு, வைங்க கீழ. எலைய திருப்பி பாருங்க, தட்டுனா வெள்ளை ஈ பறந்தா வேணாம், பிகோனியா எலை மேல மாவு தூவுன மாதிரி இருந்தாலும் வேணாம், மத்த கன்னுக்கும் பரவிரும்.

கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, "அக்கா, இது பொலிடனலுக்குள்ள வளந்ததா வெளிய வளந்ததா?" டனலுக்குள்ள, அதாவது பொலித்தீன் போட்ட கூடாரத்துக்குள்ள, வளந்தத நேரா வெயில்ல வச்சா வாடிரும், ஒரு வாரம் இஸ்தோப்புல வச்சு கொஞ்சம் கொஞ்சமா வெளிய பழக்கணும்.

உங்க ஊரு உயரத்தையும் யோசிங்க. நுவரெலியா 6,000 அடிக்கு மேல, பண்டாரவளை ஹட்டன் எல்லாம் 4,000 அடி கிட்ட, கண்டி இன்னும் கீழ. ஃபியூஷியா, பான்சி மாதிரி குளிர் கேக்குற பூவ கண்டிக்கு கொண்டு போனா சூட்டுல தெணறும், அங்க அந்தூரியம், ஓர்க்கிட் வாங்குறதுதான் புத்தி. நுவரெலியா பக்கம் இருக்கவங்களுக்கு வேற கவலை, ஜனவரி பெப்ரவரியில உறைபனி விழுந்தா டேலியாவும் பிகோனியாவும் கருகிரும். நேரம் இருந்தா ஹக்கல பூங்காவையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, 1861ல சிங்கோனா (கொய்னா மருந்து எடுக்குற மரம்) வளக்க தொடங்குன எடம், குளுருக்கு எது நல்லா நிக்கும்னு அங்க கண்ணாலயே பாக்கலாம்.

ஹைட்ரேஞ்சியா வாங்குறவங்களுக்கு தனியா சொல்லணும். ரோஸ் கலருன்னு ஆசையா வாங்கி வந்து நட்டா அடுத்த தடவை நீலமா பூக்கும், நர்சரிக்காரர் ஏமாத்துனதா நெனைக்காதீங்க. நம்ம தேயிலை மண்ணு புளிப்பு மண்ணு, அதுல உள்ள அலுமினியத்த செடி இழுக்குறதாலதான் நீலம் வருது. ரோஸாவே வேணும்னா தொட்டியில வச்சு டொலமைட் (மண்ணு புளிப்ப கொறைக்கிற சுண்ணாம்புக் கல்லுத் தூள்) கொஞ்சம் கலந்து விடுங்க, உடனே மாறாது, பொறுமை வேணும். வெள்ளை ரகம் நீலமா மாறாது. எனக்கு கேட்டா அந்த நீலத்த அப்படியே விட்டுருங்கன்னுதான் சொல்லுவேன், மிஸ்ட் எறங்குற நேரத்துல லயத்து வாசல்ல அது நிக்கிற அழகே வேற.

கொண்டு வர்றப்போ காட்போட் பெட்டியில நெருக்கமா அடுக்குங்க, த்ரீவீல்ல கையில புடிச்சு வந்தா காத்துலயே மொட்டு உதிரும். வந்ததும் அன்னைக்கே நட வேணாம், தண்ணி ஊத்தி நெழல்ல வைங்க. மண்ணோட தும்புத்தூளும் மக்குன சாணமும் கலந்து, பின்னேரமா பாத்து நடுங்க. காஞ்ச பூவ அப்பப்ப கிள்ளி எடுத்தா பெடூனியா விடாம பூக்கும்.

மே கடைசியில நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேற்கு மழை புடிச்சிரும், அதுக்கு முன்னாடி பெடூனியா தொட்டிய கூரைக்கு கீழ இழுத்துருங்க, இல்லன்னா பூ அழுகிரும். வெலிமடை பண்டாரவளையில அந்த மாசங்கள்ல காயும், அங்க உள்ளவங்க காலையில தண்ணி ஊத்துறத விட்றாதீங்க.