குளிரில் சரிந்த மைலேஜ்: என் அனுபவம்

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த என் கார், குளிர் தொடங்கியதும் 12-க்கு இறங்கிவிட்டது. முதலில் டயரைப் பார்த்தேன். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கும். காற்று நிரப்பியதும் கொஞ்சம் தேறியது, ஆனால் போதவில்லை.

அப்புறம்தான் டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்தேன். அரை மணி நேரம் ஓட்டியும் அது நடுவுக்கு வரவே இல்லை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடாமல், திறந்தபடியே சிக்கியிருக்கிறது! இன்ஜின் சூடேறாதவரை கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத்தான் தெளிக்கும், ஆயிலும் இளகாது.

புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றினேன். பத்தே நிமிடத்தில் முள் நடுவில் வந்து நின்றது. இப்போது 15 கிடைக்கிறது. குளிர்காலத்துக்கு இது நல்ல அளவுதான்.