கர்ப்ப காலத்தில் வீட்டிலேயே பி.பி. பார்ப்பது எப்படி?

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறினாலும் பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா (பிரஷர் ஏறி, உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய கர்ப்பகால நோய்), இரண்டு செக்கப்புக்கு நடுவில்கூடத் தொடங்கிவிடலாம். அதனால்தான் சிலரை வீட்டிலும் பி.பி. பார்க்கச் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்துவது எளிது. நம்பத்தக்க எண் வாங்குவதில்தான் வேலை இருக்கிறது.

1. மெஷினும் கஃபும்

மேல்கையில் கட்டுகிற தானியங்கி மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை சற்று ஏறி இறங்கினாலே எண் மாறிவிடும். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலா என்று கேட்டு வாங்குங்கள். சில மெஷின்கள் ப்ரீஎக்ளாம்ப்சியா இருப்பவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது கஃப், அதாவது கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். பெட்டியோடு வரும் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. உங்கள் கை 34 என்றால் பெரிய கஃப் தனியாக வாங்கத்தான் வேண்டும். சின்ன கஃபை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

மெஷினை ஒருமுறை செக்கப்புக்கு எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. உட்காரும் விதம்

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, வேகமான நடை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையே எண்ணை ஏற்றும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். போனும் பேச்சும் கூடாது.

கை மேசைமேல், கஃப் இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். கை தொங்கினால் எண் கூடும். மல்லாந்து படுத்துப் பார்க்காதீர்கள். வளர்ந்த கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் பிரஷர் இறங்கும். இடப்பக்கம் ஒருக்களித்து மேலே உள்ள வலக்கையில் பார்த்தாலும் குறைவாகவே வரும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

3. கட்டி, அழுத்தி, எழுதுவது

கஃப் வெறும் கையில் இருக்க வேண்டும். சட்டைக் கையை இறுகச் சுருட்டினால் அதுவே கையை நெரிக்கும். முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே, ட்யூப் உள்பக்கம் வருமாறு, உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கட்டுங்கள்.

முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே பிறகும் பயன்படுத்துங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதும் நோட்டால் மருத்துவருக்குப் பயனில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவரே சொல்வார். ஒரே நாளில் பத்து முறை பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

4. எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது

நடு மாதங்களில் பிரஷர் சற்று இறங்கி, கடைசியில் மறுபடி ஏறுவது இயல்பு.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, ஏதாவது ஒன்று தொட்டாலே போதும்: சற்று ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். 160 அல்லது 110 என்றால் 15 நிமிடத்துக்குள் மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் நேரே மருத்துவமனைக்கு. வழக்கமாக 100/60 இருப்பவருக்கு 130/85 வரத் தொடங்கினால், 140ஐத் தொடவில்லையே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, மூச்சுத்திணறல் இருந்தால் மெஷின் என்ன சொன்னாலும் கிளம்பிவிடுங்கள்.

உப்பை அறவே நிறுத்தினால் ப்ரீஎக்ளாம்ப்சியா வராது என்பது உண்மையல்ல. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது, மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிரசவம் முடிந்ததும் மெஷினைப் பரணில் போட்டுவிடவும் வேண்டாம். பிறந்த 3 முதல் 6 நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்குப் போவதுண்டு; ப்ரீஎக்ளாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரைகூட வரலாம். அதுவரை அதே கை, அதே கஃப், அதே நோட்டு.