விலாவின் கீழ் வலி: வாயு என்று சோடா குடிப்பதற்கு முன்

தருமபுரிப் பக்கத்தில் கல்யாண விருந்து முடிந்த இரவில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவருக்கு முதலில் கோலி சோடா வரும், அடுத்து ஓம வாட்டர், அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரும் வாயு மாத்திரை. பல நாள்களில் இவையே போதும். பாலக்கோட்டில் என் சித்திக்கு இவை மூன்றும் மூன்று நாள் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. நான்காம் நாள் மருத்துவர் அவருடைய வலது விலாவெலும்புக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னபோது, இழுத்த மூச்சு பாதியிலேயே அறுந்தாற்போல் நின்றது. பித்தப்பை அழற்சிக்குரிய அந்த அடையாளத்தை ஸ்கேன் பிறகு உறுதிசெய்தது.

பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு பை. கொழுப்புச் சத்துள்ள உணவு குடலுக்கு வந்ததும் அது சுருங்கி, சேர்த்து வைத்த பித்தநீரை வெளியேற்றும். பித்தநீர் வெளியேறும் வாயிலில் ஒரு கல் சிக்கினால் வலி எழும். கல் விலகிவிட்டால் சில மணி நேரத்தில் வலியும் அடங்கும். விலகாமல் அடைத்தே நின்றால் பை வீங்கி, அழற்சி கண்டு, கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். ஆகவே இந்த வலிக்கு முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். வலது மேல்வயிற்றிலோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கி வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும் வலி, ஐந்தாறு மணி நேரம் கடந்தும் விடாமல் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால், அதை வாயு என்று எண்ணக்கூடாது. இடுப்பின் பின்புறம் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல்லினுடையது. மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே வருவதால், வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் தாமதிக்காமல் இசிஜி எடுக்க வேண்டும். முதியவர்களுக்கும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி மந்தமாகவே இருந்து, உள்ளே பித்தப்பை அழுகும் நிலைக்குப் போய்விடக்கூடும். அவர்கள் விஷயத்தில் லேசான வலியையும் சோர்வையும்கூடப் பொருட்படுத்துவதே நல்லது.

கண் மஞ்சளித்து, சிறுநீர் அடர்ந்த நிறமாகி, உடல் நடுங்கும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் கல் இறங்கித் தொற்று பரவியிருக்கலாம். அந்த நேரத்தில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைக்க வேண்டிய வேளை அது.

கல் என்றாலே வாழைத்தண்டுச் சாறு என்பது நம் ஊர் வழக்கம். அந்தச் சாறு சிறுநீராகப் பிரிந்து சிறுநீரகத்தின் வழியே போகுமே தவிர, பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை அது தொடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடு மீதும் சிலர் பழி போடுகிறார்கள். அது பற்களையும் எலும்புகளையும் கெடுப்பது உண்மை, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பித்தப்பைக் கற்களோ பெரும்பாலும் பித்தநீரில் மிகுந்துபோன கொழுப்பு உறைந்து உருவாகுபவை. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் பச்சைப் பச்சையாய் விழும் உருண்டைகளும் கற்கள் அல்ல, குடலில் அந்த எண்ணெயே சோப்பு போல் திரண்டவை.

அழற்சி என்று சந்தேகம் வந்ததும் உணவை நிறுத்திவிடுங்கள். பால், கஞ்சி, இளநீர் எதுவும் வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவற்றை, அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை போட்டுப் பார்ப்பது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திராமல் புறப்படுவது நல்லது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

அங்கே முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருக்கிறதா, பையின் சுவர் தடித்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று அதில் தெரியும். வெள்ளணுக்கள், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், கணையம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காட்டும் லைப்பேஸ் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். பிறகு குளுக்கோஸ், வலி மருந்து, ஊசி வழி ஆன்டிபயாட்டிக் தொடங்கும். இரண்டு நாளில் வலி குறைந்ததும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கத் தோன்றும். என் சித்தி கேட்டார். மருந்தால் அழற்சி அடங்கினாலும் கல் அங்கேயேதான் இருக்கும், வலியும் திரும்ப வரும் என்பதால், உடல்நிலை இடம் கொடுத்தால் வலி தொடங்கிய ஒரு வாரத்துக்குள், முடிந்தால் முதல் மூன்று நாள்களிலேயே, லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டு, பித்தப்பையை எடுத்துவிடுவதே இன்றைய முறை. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்குத் தோல் வழியே குழாய் செலுத்திச் சீழை வடிப்பார்கள். தொந்தரவே தராமல், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது.

பித்தப்பை போனாலும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு வரும் என்பதால், ஆயுள் முழுக்கப் பத்தியம் வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் எண்ணெயைக் குறைத்து, களியோ இட்லியோ சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் போதும். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம், வயிற்றை விரிக்க உள்ளே செலுத்திய வாயுவால் வருவது அது. வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ மஞ்சளோ கண்டாலோ உடனே திரும்பிச் செல்லுங்கள். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அபூர்வமாக அதில் புற்றுநோய் தெரியவரக்கூடும். குப்பியில் போட்டுக் கொடுத்த கல்லை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டும் நாம் அந்த அறிக்கையைக் கேட்க மறந்துவிடுகிறோம். தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.