பூட்டே இல்லாமல் நின்ற வேக்யூம்: போஸ்ட்கிரெஸில் 'பின்' இருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூரு மடிவாளாவில் ஊர் பஸ் பிடிக்க வேண்டிய நேரத்தில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒரு டேபிளில் வேக்யூம் ஃப்ரீஸ் (செத்த வரிகளைத் துப்புரவாக்கி, பழைய வரிகளை நிரந்தரமாகக் குறிக்கும் கட்டளை) அசையாமல் நின்றுவிட்டது. பூட்டுகளை (lock) பட்டியலிடும் பிஜி_லாக்ஸில் தேடினேன், காத்திருக்கும் பூட்டு ஒன்றுகூட இல்லை. பஸ் போன பிறகுதான் புரிந்தது, நான் தேடியிருக்க வேண்டியது பூட்டை அல்ல, 'பின்'னை (pin).

போஸ்ட்கிரெஸ் தரவை 8 கேபி பக்கங்களாக நினைவகத்துக்குக் கொண்டுவரும். அவை தங்கும் நினைவகப் பகுதியான ஷேர்டு பஃபர்ஸின் இயல்பு அளவு 128 எம்பி, அதாவது 16,384 இடங்கள். ஒரு பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் முதலில் அதற்குப் 'பின்' போட வேண்டும். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான்: துண்டு கிடக்கும்வரை அந்த இடம் வேறு பக்கத்துக்குப் போகாது. பூட்டு அதற்கு அப்புறம்தான், படிக்கும் அல்லது எழுதும் அந்தச் சிறு பொழுதுக்கு மட்டும்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். பூட்டை விட்ட பிறகும் 'பின்' இருக்கலாம். அதை வைத்திருப்பவர் தான் கண்டெடுத்த வரியைப் பூட்டில்லாமலே தொடர்ந்து படிப்பார். அந்த நேரத்தில் வரியை இடம் மாற்றினால் அவர் படிப்பது குப்பையாகிவிடும். அதனால் பக்கத்தைச் சுருக்கும் வேக்யூமுக்குத் தனிப்பூட்டு (வேறு யாரையும் உள்ளே விடாத பூட்டு) மட்டும் போதாது. வேறு யாருடைய 'பின்'னும் அங்கே இருக்கக் கூடாது. சாதாரண வேக்யூம் அப்படிப்பட்ட பக்கத்தைச் சுருக்காமல் தாண்டிப்போகும். ஃப்ரீஸ் காத்திருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள். மூன்று டெர்மினலில் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லைத் திறவுங்கள். வரைகலைக் கருவி வேண்டாம். எந்த இணைப்பில் பரிவர்த்தனை (transaction) திறந்து கிடக்கிறது என்பது அதில் சட்டென்று கண்ணில் படாமல் போகலாம். நினைவகத்தில் உள்ள பக்கங்களைக் காட்டும் பிஜி_பஃபர்கேஷ் நீட்சியைச் சேர்த்து, 500 வரிகளோடு ஒரு டேபிள் உருவாக்குங்கள்.

முதல் டெர்மினலில் பிகின் கொடுத்துப் பரிவர்த்தனையைத் தொடங்கி, அந்த டேபிளுக்கு ஒரு கர்சர் (வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் வழி) அறிவித்து, ஒரே ஒரு வரியை ஃபெட்ச் செய்து அப்படியே விடுங்கள். இரண்டாவதில் பிஜி_பஃபர்கேஷைப் பார்த்தால், அந்த டேபிளின் முதல் பக்கத்துக்கு பின்னிங்_பேக்கெண்ட்ஸ் ('பின்' போட்டிருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை) 1 என்று இருக்கும். அங்கேயே வேக்யூம் ஃப்ரீஸ் கொடுங்கள், நிற்கும். மூன்றாவதில், ஒவ்வொரு இணைப்பும் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி காரணத்தைச் சொல்லும்: பஃபர்பின். முதல் டெர்மினலில் கமிட் கொடுத்ததும் வேக்யூம் ஓடி முடியும்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவருக்கு வேக்யூம் நிற்கவே இல்லை. கர்சரில் ஆர்டர் பை சேர்த்திருந்தார். வரிசைப்படுத்த முழு டேபிளையும் முதலிலேயே படித்துவிடுவதால் 'பின்' விடுபட்டுவிடுகிறது. ஆர்டர் பை இல்லாமல் செய்யுங்கள்.