கோபத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது: அரிஸ்டாட்டில் காட்டும் பயிற்சி

அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ 10 புத்தகங்களாகப் பிரிந்தது. படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் புத்தகத்தில், யூடைமோனியா எனும் நிறைவாழ்வு என்ன என்ற விவாதத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அவரோ இரண்டாம் புத்தகத்தில், நற்குணம் என்ன என்று அறிவதற்காக அல்ல, நல்லவர்களாக ஆவதற்காகவே இந்த ஆராய்ச்சி என்கிறார். ஆகவே அதைச் செய்துபார்ப்பதுதான் அந்நூலை மதிக்கும் வழி. ஒரே ஒரு குணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் நல்ல தொடக்கம். நாலாம் புத்தகத்தில் அதற்கு நுணுக்கமான விவரம் இருக்கிறது.

அரிஸ்டாட்டிலுக்கு நற்குணம் என்பது மிகை, குறை என்ற இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்பது. ஆகவே முதலில் உங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கோபம் வந்த ஒவ்வொரு முறையும், அன்று இரவே ஐந்து கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள்: எதற்காக, யார் மீது, எப்படி, எப்போது, எவ்வளவு நேரம். சில வாரங்களில் ஒரே கேள்வியில் திரும்பத் திரும்பச் சறுக்குவது தெரியும். சட்டென்று பொங்குபவர் ‘யார் மீது’ என்பதில் தவறுவார். ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுவார். மனதில் வைத்துக் குமைபவர் தவறுவது ‘எவ்வளவு நேரம்’ என்பதில். அவருடைய கோபம் வெளியே தெரியாததால் யாரும் சமாதானம் சொல்ல வருவதில்லை. தனக்குள்ளேயே அதைச் செரிக்க நாளாகிறது என்று அரிஸ்டாட்டில் காரணமும் சொல்கிறார். தனக்கும் நெருங்கியவர்களுக்கும் மிகுந்த தொல்லை தருபவர் இவரே. மூன்றாவது வகையை நாம் சாதாரணமாகக் குறையாகவே எண்ணுவதில்லை: தன்னையோ தன்னைச் சேர்ந்தவர்களையோ இழிவுபடுத்தும்போதும் கோபமே வராதவர். அதை அடிமைத்தனம் என்கிறார் அவர்.

சாய்வு தெரிந்ததும் எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும், நடுவைத் தாண்டிப் போவதுபோல் தோன்றும் அளவுக்கு. குமைபவர், விஷயத்தைச் சம்பந்தப்பட்டவரிடம் அன்றைக்கே சொல்லிவிடப் பழக வேண்டும். கோபமே வராதவர், அவமதிப்பு நடக்கும் இடத்திலேயே ஒரு வாக்கியமாவது மறுத்துப் பேச வேண்டும். பொங்குபவருக்கு ஏழாம் புத்தகத்தில் குறிப்பு கிடைக்கிறது: முழுக் கட்டளையையும் கேட்காமல் ஓடிப்போய்த் தப்பாகச் செய்யும் வேலைக்காரனைப் போல, கோபம் அறிவின் பேச்சைப் பாதிதான் கேட்கிறது. ஆகவே எதிராளி சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதே அவருக்கான பயிற்சி.

பெரும்பாலோர் பிசகுவது ‘நடு’ என்பதில். அதை மிதமான அளவு என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கொஞ்சமாகக் கோபப்பட்டால் போதும் என நினைக்கிறார்கள். 10 மினா எடை உணவு அதிகம், 2 மினா குறைவு என்றால், கணக்குப்படி நடு 6. மினா என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த 6 மினா மல்லன் மிலோவுக்குப் போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கோ அதிகம் என்கிறார் அரிஸ்டாட்டில். கோபமும் அப்படித்தான்: பெரிய அநீதிக்குப் பெரிய கோபமே சரியான நடு. இன்னொன்று, பொறாமை, திருட்டு, கொலை ஆகியவற்றுக்கு நடுவே கிடையாது. அளவாகப் பொறாமைப்படுவது என்று ஒரு பயிற்சி இல்லை.

பல்லைக் கடித்து அடக்கிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணுவதும் தவறு. அது தன்னடக்கம், நற்குணத்துக்கு ஒரு படி கீழே. நற்குணம் வந்ததற்கு அடையாளம், சரியாக நடந்த பிறகு உள்ளே வருத்தம் இல்லாமல் இருப்பது. குறிப்பேட்டில் ஆறாவது வரியாக இதையும் எழுதுங்கள்: ‘இப்படி நடந்ததில் மனம் நிறைந்ததா, நொந்ததா?’ இன்னும் நொந்தால் அதே செயலைத் தொடர வேண்டும். வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கட்டடக் கலைஞராகிறார் என்பதால், புரிந்துகொண்டதாலேயே குணம் மாறிவிடாது. மாற மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம்.

எவ்வளவு விலகினால் குற்றம் என்பதற்கு அவர் சூத்திரம் எதுவும் தரவில்லை. அந்தந்தச் சூழலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். சிறிய விலகலை யாரும் பழிப்பதில்லை, நீங்களும் அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாத நேரத்தில், மோசமான எல்லையிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்கிறார். கோபத்தில் மோசமானது மிகைதான். ஆகவே சந்தேகம் வந்தால், கோபமே வராதவரைத் தவிர மற்றவர்கள் குறைந்த பக்கமே நிற்கலாம்.